படித்தால் கேட்கிற சத்தங்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு என் மகள் கேட்டாள்: "அம்மா, இன்னிக்கும் அமாவாசையா?"

மணி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பத்தரைக்குள் வேலைக்குக் கிளம்பியாக வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் கஞ்சி டம்ளரை அவளுடைய அறைக்குள் கொண்டுபோனேன். அவள் அப்படிக் கேட்டபோது பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வரிசையில் இன்னும் இரண்டு தறிகள். காலையிலிருந்தே தெரு முழுக்க அந்தச் சத்தம்தான்.

"அது நேத்தே முடிஞ்சிடுச்சுடி" என்றேன். முகமூடி போட்டிருந்தேன். அவள் என் கண்ணையே பார்த்தாள். "முடிஞ்சிடுச்சு" என்று இல்லையெனக் கையை ஆட்டி இன்னொரு முறை சொன்னேன்.

"அப்ப ஏன் யாருமே தறி ஓட்டல?"

எங்கள் ஊரில் நெசவாளர் தெருவில் குடியிருக்காதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். அமாவாசை அன்று தறி ஓடாது. அது வழிவழியாக வந்த விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைகூடச் சிலர் ஓட்டுவார்கள், அமாவாசை அன்று யாரும் ஓட்டமாட்டார்கள். மற்ற நாட்களில் பொழுது விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை கேட்கிற சத்தம் அந்த ஒரு நாள் மட்டும் நின்றுவிடும். அன்றைக்குத்தான் குருவி கத்துவதும் ஷேர் ஆட்டோ திரும்புவதும் கேட்கும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் காலண்டர் பார்க்கத் தேவையில்லை. கண் விழித்ததும் சத்தம் இல்லையென்றால் அமாவாசை.

என் மகளுக்கு அப்போது பொன்னுக்கு வீங்கி. வகுப்பில் பலருக்கு வந்தது, இவளுக்கும் வந்தது. இரண்டு கன்னமும் வீங்கிப் பார்க்கவே வேடிக்கையாக இருந்தாள். வழக்கப்படி என் தங்கச் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டு, தனி அறையில் படுக்க வைத்தேன். வாயைத் திறந்தால் தாடை வலிக்கிறது என்று அவள் அநேகமாகப் பேசுவதையே நிறுத்தியிருந்தாள். வேண்டும் என்றால் தலையை ஆட்டுவாள், வேண்டாம் என்றால் கையை ஆட்டுவாள். நாங்களும் சைகையிலேயே கேட்கப் பழகியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காது கேட்டது. திங்கட்கிழமை அமாவாசை. எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது. கண் விழித்தாள், சத்தம் இல்லை, அமாவாசை என்று நினைத்துக்கொண்டாள். நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு நான் வாங்கித் தந்த படக்கதைப் புத்தகங்களைப் படித்தாள். நல்ல அமைதியாக இருந்ததாம். பிறகு அவளே சொன்னாள்.

வேறு எந்த நாளாக இருந்திருந்தாலும் காலையிலேயே தெரிந்திருக்கும்.

நான் அவளுக்குப் பின்னால் போய் எவர்சில்வர் தட்டை எடுத்துத் தரையில் போட்டேன். பக்கத்து வீட்டில் தறி நின்று, "இன்னாம்மா, இன்னா உழுந்துச்சு?" என்று அந்த வீட்டு அக்கா குரல் கொடுத்தாள். என் மகள் திரும்பவில்லை. கஞ்சியை ஊதிக்கொண்டிருந்தாள்.

*

ஊரிலிருக்கும் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "எப்பலேர்ந்து?" என்பதுதான். சென்னையில் காது மருத்துவர் கேட்ட முதல் கேள்வியும் அதுவே. எனக்குப் பதில் தெரியவில்லை. "அமாவாசைலேர்ந்து" என்று என் கணவர் சொன்னார். சென்னை மருத்துவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஏதோ மந்திரம் மாயம் என்று நினைத்திருப்பார் போல. அவருக்குத் தறியைப் பற்றி முதலிலிருந்து விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தக் காய்ச்சலில் எங்கோ ஒருவருக்கு இப்படி ஆகும் என்றார். ஒரு பக்கம் போவதே அரிது, இரண்டு பக்கமும் போவது அதைவிட அரிது. உடனே மாத்திரை ஆரம்பித்தால் சிலருக்குத் திரும்பும். சிலருக்கு எப்போது ஆரம்பித்தாலும் திரும்பாது. மருந்து முடித்து, சில வாரம் பொறுத்து, மறுபடியும் சோதித்துப் பார்த்துத்தான் எதையும் சொல்ல முடியும்.

"ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா?"

"அதை என்னால சொல்ல முடியாதும்மா."

அதற்குப் பிறகு எனக்கு இருந்ததெல்லாம் அந்தச் சோதனை நாள் மட்டும்தான். அதுவரை எப்படிப் பொழுதைத் தள்ளுவது என்று தெரியவில்லை. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் அழுகை வந்தது. கைப்பேசியைத் திறந்தால் இந்த நோயைப் பற்றியே தேடினேன். கடைசியில் அவள் படித்து முடித்து வைத்திருந்த புத்தகங்களை எடுத்தேன். மருத்துவமனை வரிசைகளிலும் பேருந்திலும் திரும்பத் திரும்ப அவற்றைத்தான் படித்தேன்.

மொத்தம் மூன்று புத்தகங்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்த சனிக்கிழமை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியவை. எனக்குப் படக்கதை வாங்கிப் பழக்கமில்லை. "பசங்க என்னப்பா கேக்குறாங்க?" என்று கடைக்காரரைக் கேட்டேன். வழவழப்பான காகிதத்தில் கலர் கலராக இரண்டு சூப்பர் ஹீரோ புத்தகங்களை எடுத்துப் போட்டார். "காய்ச்சல்காரப் பொண்ணுக்கா? இத்தையும் வெச்சிக்கோ. சிரிச்சா சீக்கிரம் எறங்கும்" என்று மட்டமான காகிதத்தில் கறுப்பு வெள்ளையில் இருந்த ஒரு நகைச்சுவைப் புத்தகத்தையும் மேலே வைத்தார். வீங்கிய கன்னத்தை வைத்துக்கொண்டு சிரித்தால் வலிக்குமே என்று அதை நான் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன்.

என்னுடைய வேலை புடவைக்கு டிசைன் போடுவது. கரையில் வருகிற மயிலையும் முந்தியில் வருகிற கோபுரத்தையும் கம்ப்யூட்டரில் சின்னச் சின்னக் கட்டங்களாக நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் ஒரு இழை. ஒரு கட்டம் தப்பினால் மயிலின் மூக்கு கோணலாகிவிடும். அதனால் அந்தப் புத்தகங்களில் கதைக்கு முன்னால் கோடுதான் என் கண்ணில் பட்டது.

முதல் புத்தகத்தின் நாயகன் பகலில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ராத்திரியில் சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவான். அவனுடைய சக்தி, காது. நகரத்தில் எந்த மூலையில் யார் முனகினாலும் அவனுக்குக் கேட்கும். வேறு புத்தகம் வாங்கியிருக்கக் கூடாதா என்று கேட்டால், அன்று எனக்கு என்ன தெரியும்? ஒரு பக்கம் முழுவதும் ஒரே படம். இடிந்த பாலத்துக்கு அடியில் ஒரு குழந்தை. படத்தின் இன்னொரு கோடியில், ஊருக்கு அந்தப் பக்கம், மொட்டை மாடியில் அவன் தலையைத் திருப்புகிறான். நடுவில் அத்தனை வீடுகள், அத்தனை வண்டிகள். அந்தக் குழந்தையின் வாயிலிருந்து ஒரு மெல்லிய கோடு புறப்பட்டு வீடுகளுக்கு மேலாக வளைந்து வந்து அவன் காதில் சேருகிறது. வரைந்தவர் நல்ல கைக்காரர். ஜரிகை போல ஒரு கோடு. பேருந்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தவள், வாலாஜாபாத் தாண்டும்வரை திருப்பவில்லை.

என் மகளுக்கு அவனைப் பிடிக்கவில்லை. அதற்கு அவள் சொன்ன காரணமும் நான் எதிர்பார்த்தது இல்லை. "எல்லார் சத்தமும் கேட்டா இவன் எப்படிம்மா தூங்குவான்? சும்மா பீலா" என்றாள்.

இரண்டாவது புத்தகத்தில் ஒரு பெண். நினைத்த நேரத்தில் கண்ணாடியாக மாறுவாள். வில்லன் அவளைச் சுத்தியலால் அடித்து நொறுக்குவான். அடுத்த பக்கத்தில் துண்டுகள் எல்லாம் எழும்பி ஒன்றோடொன்று சேர்ந்து மறுபடியும் அவளாகி நிற்கும். என் மகள் இதை விரல் வைத்துக் காட்டினாள்.

"உடைஞ்சு ஒட்டிக்கினா கோடு தெரியணும் இல்ல? பாரு, ஒரு கோடுகூட இல்ல. போடாம விட்டுட்டாங்க."

நான் பார்த்தேன். உண்மைதான். கன்னத்திலும் கையிலும் ஒரு விரிசலும் இல்லை. வரைந்தவர் மறந்தாரா, கதையே அப்படியா என்று தெரியவில்லை. கரையும் உடலும் சேரும் இடத்தில் இழை இழையாகக் கோத்துத்தான் நெய்வார்கள், இருந்தாலும் எங்கள் கண்ணுக்கு அந்த இடம் தெரியும். சேர்த்த இடம் தெரியாத புடவையை நான் பார்த்ததில்லை. சூப்பர் ஹீரோ புத்தகங்களில் எனக்கு ஒட்டாமல் போனது இதுதான். அங்கே யாருக்கும் எதுவும் மிச்சமாக நின்றுவிடுவதில்லை. பாலம் இடிகிறது, கடைசிப் பக்கத்தில் பாலம் இருக்கிறது.

அதைவிட என்னை வருத்தியது வேறு. அந்த இரண்டு புத்தகங்களிலும் எல்லாரும் சரியான நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். குண்டு வெடிக்க ஒரு நொடி இருக்கும், கதவு உடையும், அவன் நிற்பான். ஒரு தடவையாவது அவன் மறுநாள் வந்திருக்கிறானா என்று தேடினேன். "மன்னிக்கணும், நேத்து அமாவாசை, எனக்குத் தெரியல" என்று ஒரு கட்டத்திலாவது சொல்கிறானா என்று. இதை எழுதும்போது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. அந்த வாரங்களில் அப்படித்தான் படித்தேன்.

*

மூன்றாவது புத்தகம் யானைக் கதை.

சர்க்கஸிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு யானை, ஒரு சின்ன ஊர்த் தபால் நிலையத்தில் தபால்காரனாகச் சேர்கிறது. போஸ்ட் மாஸ்டர் ஒல்லியாக, கோபக்காரராக இருப்பார். கடிதத்தில் முத்திரை குத்து என்றால் யானை காலால் குத்தும். மேசை மடார் என்று இரண்டாகும். குறுக்கு வழியில் போகிறேன் என்று குளத்தில் இறங்கும். தொபுக்கடீர். குளத்துத் தண்ணீர் முழுக்கக் கரைக்கு வந்து, கரையில் நின்ற போஸ்ட் மாஸ்டர் குளத்துக்குள் நிற்பார். வரைந்தவருக்கு யானை நன்றாக வரும், மனிதர்கள் சுமாராகத்தான் வருவார்கள். ஒரு பக்கத்தில் போஸ்ட் மாஸ்டருக்கு மீசையே இல்லை.

அந்த யானை எங்கேயும் நேரத்துக்குப் போவதில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறது. வழியில் கரும்புத் தோட்டம், வழியில் ஒரு திருவிழா, வழியில் தூக்கம். போய்ச் சேரும்போது அந்த வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். போஸ்ட் மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் பத்திரிகையை வாங்கிப் படித்துவிட்டு, "சரி, வந்ததே வந்த, சாப்பிட்டுப் போ" என்று யானைக்கு இலை போடுகிறார்கள். வாழை இலை அல்ல, பாய்.

இதைப் படித்தது மருத்துவமனையில், மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்தபோது. சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்தப் பாய் போட்ட படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பர் ஹீரோ கதையில் தாமதமாக வந்தால் யாராவது செத்துப்போவார்கள். அதனால் யாரும் தாமதமாக வர முடியாது. சிரிப்புக் கதையில் எல்லாரும் தாமதமாகத்தான் வருகிறார்கள், திட்டு வாங்குகிறார்கள், உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எனக்கு அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் போல இருந்தது.

என் மகள் இந்தப் புத்தகத்தை விடவே இல்லை. காரணத்தை ஒரு மாலையில் சொன்னாள். கன்னத்து வீக்கம் வற்றிவிட்டிருந்தது. மாத்திரையால் முகம் வேறு மாதிரி உப்பியிருந்தது. நான் கைப்பேசியில் தட்டிக் காட்டுவேன், அவள் வாயால் பதில் சொல்வாள்.

"இதுல மட்டும் கேக்குதும்மா" என்றாள்.

'என்ன கேட்குது?' என்று தட்டினேன்.

"சத்தம். தொபுக்கடீர்னு படிச்சா உள்ள கேக்குது. மடார்னு படிச்சா மடார்னு கேக்குது. அந்த ரெண்டு புக்குல கேக்கல."

ஏன் என்று பார்த்தேன். சூப்பர் ஹீரோ புத்தகங்கள் வேறு எங்கிருந்தோ வந்தவை. பேச்சை மட்டும் தமிழில் மாற்றியிருந்தார்கள். இடிக்கிற சத்தம், உடைகிற சத்தம் எல்லாம் படத்தோடு படமாக ஆங்கில எழுத்திலேயே நின்றன. அவளுக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனாலும் அவை அவளுக்கு வெறும் எழுத்தாக இருந்தன. யானைக் கதையில் 'சளக்', 'தொம்', 'கிறீச்', 'லொடலொட' எல்லாம் கையால் எழுதியவை. 'தொபுக்கடீர்' என்பதில் 'டீ' பெரிதாகி, அதன் சுழி தண்ணீர் தெறிப்பது போல மேலே போயிருந்தது. நான் புடவையில் எத்தனையோ பறவை போட்டிருக்கிறேன், ஒரு சத்தத்தை வரைந்ததில்லை. அந்த மீசை மறந்த ஓவியரின் மேல் எனக்கு அன்றுதான் மரியாதை வந்தது.

"தறிச் சத்தம் எப்படிம்மா எழுதுவாங்க?" என்று கேட்டாள். "யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். மறந்துட்டாப்ல இருக்குது."

பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்.

மறுநாள் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அக்காவும் அவள் கணவரும் ஆளுக்கொரு தறியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாம்மா, வேலைக்குப் போவாம தறிய மொறச்சிக்கினு நிக்கிற?" என்றாள் அக்கா.

"சத்தத்தை எழுதணும்க்கா."

"சத்தத்தையா? பொடவைல போடறதுக்கா? இனிமே பொடவை வேற பேசணுமா, கட்டினவ பேசறது பத்தாதுன்னு."

அவள் கணவர் தறிக்குள்ளிருந்தே சொன்னார்: "எழுதிக்கம்மா. நான் ஓட்டினா டக்கு டக்குன்னு கேக்கும். உங்க அக்கா ஓட்டினா துட்டு துட்டுன்னு கேக்கும்."

"ஆமா, இந்தாளு ஓட்டினா டீ டீன்னுதான் கேக்குது. காலைலேர்ந்து நாலு டீ" என்றாள் அக்கா. சிரித்தேன். பல நாட்களுக்குப் பிறகு சிரித்தது என்பதால் அது அழுகையில் போய் முடிந்தது. அக்கா ஊடிழை ஓட்டும் நாடாக் கட்டையைக் கீழே வைத்தாள். "பாப்பாவுக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அன்று அரை மணி நேரம் நாங்கள் மூவரும் அந்தச் சத்தத்தை எழுதப் பார்த்தோம். மேலே டிசைன் அட்டை புரளுகிற சத்தம் ஒன்று. நாடா ஓடுவது ஒன்று. இழையை நெருக்கப் பலகையை இழுத்து அடிப்பது ஒன்று. 'கடக், சர், டப்' என்று எழுதினேன். 'தடக்' என்றார் அவர். 'டப் இல்ல, டொப்' என்றாள் அக்கா. எதை எழுதினாலும் அது இல்லை. பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது, எழுத்தில் வரமாட்டேன் என்கிறது.

அக்காவுக்கு இன்னொன்று தோன்றியது. மகளைக் கூட்டிவரச் சொன்னாள். அவள் கையைப் பிடித்துத் தறிக் கட்டையின் மேல் வைத்து, கணவரை ஓட்டச் சொன்னாள். "கேக்குதா பாப்பா? கைல கேக்குதா?" என்று முகத்துக்கு நேராகக் கத்தினாள். என் மகள் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"இது ஆடுது" என்றாள். "கேக்கல."

அவர் தறியை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றார்.

*

அதே வாரத்தில்தான் அவள் பேசுவதைக் குறைத்தாள். முதலில் நான் கவனிக்கவில்லை. மளிகைக் கடைக்கு அனுப்பியிருந்தேன். திரும்பி வந்தவள் தயிர்ப் பாக்கெட்டை வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அவளுக்குத் தன் குரல் கேட்காததால் சத்தமாகப் பேசுகிறாள் என்பது எங்களுக்குப் பழகிவிட்டது. கடையில் பழகவில்லை. "ஏம்மா கத்துற, எனக்கு இன்னா காதா கேக்கல?" என்று கடைக்காரர் தெரியாமல் கேட்டிருக்கிறார். கேள்வி அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் நின்றவர்கள் சிரித்ததைப் பார்த்திருக்கிறாள். அதன் பிறகு கைப்பேசியில் நான் தட்டினால் அவளும் தட்டியே பதில் கொடுத்தாள். என் கணவர் ஒரகடத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். வீட்டுக்கு வந்ததும், "எதுனா பேசினாளா?" என்பதுதான் அவர் கேட்கிற முதல் வார்த்தையாகிவிட்டது. "இல்ல" என்பேன். சட்டையைக் கழற்றாமல் அவள் அறை வாசலில் போய் நிற்பார். அவள் நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டுவாள். அவரும் ஆட்டுவார். "டெஸ்ட் நல்லபடியா வந்துச்சுன்னா எல்லாம் சரியாயிடும்" என்பார் என்னிடம். நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

சோதனை நாள் அன்று அதிகாலையிலேயே பேருந்து பிடித்து மூவரும் சென்னைக்குப் போனோம். அவள் யானைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். அட்டை பிய்ந்து, ஓரமெல்லாம் மடங்கிப் போயிருந்தது. அங்கே காது சோதிக்கிற அறை ஒன்று உண்டு. வெளிச் சத்தம் எதுவும் நுழையாதபடி சுவர் முழுக்கப் பஞ்சு அடைத்து, தடித்த கதவு போட்டிருப்பார்கள். சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கலாம். அவள் தலையில் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். நான் அவளுடைய கையையே பார்த்தேன். நீண்ட நேரம் அது மடியிலேயே இருந்தது. ஒருமுறை தூக்கினாள், சந்தேகமாக, பாதி. பிறகு இறக்கினாள். என் கணவர் கண்ணாடியை விட்டு விலகிப் போய்விட்டார்.

சோதனை முடிந்ததும் எங்களை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே வேறொரு பெரியவருக்குச் சோதனை ஆரம்பித்தது. தடித்த கதவு மூடிக்கொண்டது. மகள் புத்தகத்தைத் திறந்தாள். எத்தனையாவது தடவை என்று தெரியாது. யானை முத்திரை குத்துகிற பக்கம். அந்தக் கதவு எப்போது திறக்கும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அவள் சிரித்தாள். எதில் என்று நான் பார்க்கவில்லை. பல நாட்களாகப் பேசாமல் அடக்கி வைத்திருந்த குரல் எல்லாம் சேர்ந்து வந்தது போல, அளவு தெரியாமல், உரக்க. நடைபாதை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஒரு செவிலி வாயில் விரலை வைத்துக் காட்டினாள். என் மகள் அதைப் பார்த்தாள். உடனே புத்தகத்தை மூடி, வாயையும் மூடிக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது. நான் அவள் தோளைத் தொட்டேன், தள்ளிவிட்டாள்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. சோதனை செய்த பெண் வந்தாள். சின்ன வயது, கல்லூரி முடித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும். கையில் தாள் இருந்தது. நான் எழுந்து நின்றேன். என் கணவரும் எழுந்தார். அவள் எங்களைத் தாண்டிப் போய், பெஞ்சுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். உதடு தெரியும்படி முகமூடியை இறக்கினாள். கைப்பேசியை எடுத்து, சொல்வதை எல்லாம் கூடவே தட்டித் திரையையும் காட்டிக்கொண்டே, என் மகளைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"இடது காது இனிமே வராதும்மா. வலதுல கொஞ்சம் நின்னிருக்குது. அதுவும் ஏறாது, ஆனா மெஷின் போட்டா உதவும். டாக்டர் மத்ததைச் சொல்லுவாங்க. நான் சொல்றது வேற. இந்த ரூம்ல வெளிச் சத்தம் எதுவும் வராது. உன் சிரிப்பு வந்துச்சு. உள்ள இருந்த தாத்தா ஹெட்போன்ல வருதுன்னு நினைச்சு கைய தூக்கிட்டாரு. நீ பேசறத நிறுத்திட்டேன்னு உங்க அப்பா காலைல சொன்னாரு. நிறுத்தினா பேச்சும் போயிடும். அதனால கத்து. யாராவது கத்தாதேன்னு சொன்னா, அவங்கள எங்கிட்ட அனுப்பு."